‘கரண்ட்’ முடிந்த வாய்க்கு என்ன கொடுப்பது, எப்படிச் செய்வது

வாய், நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை, குரல்வளை என எந்த இடத்துக்குப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு (பேச்சுவழக்கில் ‘கரண்ட்’) கொடுத்திருந்தாலும், கடைசி ‘கரண்ட்’ வைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சாப்பாட்டுப் பிரச்சினை உச்சத்துக்குப் போகும். இதை எதிர்பார்க்காத குடும்பங்கள் திகைத்துப் போகின்றன. ஆறேழு வாரங்களில் 30 முதல் 35 தடவை வாங்கிய கதிர்வீச்சின் வேலை அன்றோடு நின்றுவிடாது. வாய்ப்புண் பொதுவாக இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஆரம்பிக்கும். சிகிச்சை முடிந்தும் ஒன்றிரண்டு வாரம் கூடிக்கொண்டே போய், அப்புறம்தான் ஆறும். முழுக்க ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். கீமோவும் சேர்ந்திருந்தால் இன்னும் இழுக்கும். ருசி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். எச்சில் சிலருக்குப் பழைய அளவுக்குத் திரும்புவதே இல்லை.

இந்த நாட்களில் வீட்டுக்குள் என்ன வருகிறது? வடித்த கஞ்சித் தண்ணி, இளநீர், ரசம், ஆட்டுக்கால் சூப், யாரோ சொன்னார்கள் என்று அருகம்புல் சாறு. எல்லாம் அக்கறையில் வருபவைதான். ஆனால் எல்லாமே பெரும்பாலும் தண்ணீர். ஒரு டம்ளர் இளநீரில் 40 கலோரி இருந்தால் அதிகம். ஆட்டுக்கால் சூப்பில் கரைந்து வருவது ஜெலட்டின். கரைந்துபோன தசையைத் திரும்பக் கட்ட அந்தப் புரதம் போதாது. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 1,800 முதல் 2,100 கலோரியும், 75 முதல் 90 கிராம் புரதமும் வேண்டும். வலிக்கிற வாயால் ஒரு வேளைக்கு 200 மில்லிக்கு மேல் இறங்காது. அப்படியானால் அந்த 200 மில்லிக்குள் எவ்வளவு அடைக்க முடிகிறது என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு கிண்ணத்திலும் 250 முதல் 300 கலோரி இருந்தால், ஏழெட்டு வேளையில் நாள் ஓடிவிடும்.

“சாப்பிட முடியல” என்றால் எது முடியவில்லை?

இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஐந்து வேறு வேறு தடைகள் இருக்கும்: புண் எரிகிறது, வாய் காய்ந்து உணவு ஒட்டிக்கொள்கிறது, ருசி தெரியவில்லை, வாய் திறக்கவில்லை, விழுங்கினால் புரையேறுகிறது. ஒவ்வொன்றுக்கும் உணவு வேறு. எரிச்சலுக்கு இதமான குளிர்ந்த மோர், புரையேறுகிறவருக்கு ஆபத்தாகலாம். அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி செய்யுங்கள்.

புரையேறுவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மற்றவை கஷ்டம் கொடுக்கும். இது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் ‘களகள’வென்று ஈரமாகக் கேட்பது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காரணமில்லாத காய்ச்சல் ஆகியவை அடையாளங்கள். கதிர்வீச்சு வாங்கிய தொண்டையில் உணர்வு மங்கியிருந்தால் இருமல்கூட வராமல் உணவு நுரையீரலுக்குள் போகலாம். இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் விழுங்கு பயிற்சி தெரிந்த பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டி, எந்தப் பதம் பாதுகாப்பு என்று கேட்ட பிறகுதான் வாய்வழி கொடுக்க வேண்டும்.

இங்கே ரசம் சாதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோயாளி என்றாலே நம் கை அதற்குத்தான் போகிறது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அதைப்போல மோசமான பதம் குறைவு. நீர்த்த ரசம் சட்டென்று தொண்டைக்கு ஓடிவிடும், பருக்கை பின்தங்கும். வாய் பருக்கையைச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ரசம் மூச்சுக்குழலுக்குள் சொட்டும். புளி, மிளகு, தக்காளி மூன்றும் புண்ணில் எரிவது தனி. பாலில் ஊறி மிதக்கும் பிஸ்கட், துண்டு காய் போட்ட சூப் எல்லாவற்றுக்கும் இதே குறைதான். கெட்டியும் நீரும் தனித்தனியாக நிற்காமல் ஒரே பதமாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழிந்தோடாமல், ஒட்டிக்கொள்ளாமல், ஒரே உருண்டையாக நழுவி விழுந்தால் கூழ்ப் பதம் சரி.

கனமான கஞ்சி

எரிச்சல் உள்ள, ஆனால் புரையேறாத ஒருவருக்கு நாளின் முதுகெலும்பாக வைக்க வேண்டியது இது.

பச்சரிசி 30 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம் (இரண்டும் தலா இரண்டு டேபிள்ஸ்பூன் சொச்சம்). வாசம் வர லேசாக வறுத்து, 500 மில்லி தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஆறு விசில். நன்றாகக் குழைந்ததும் மிக்சியில் அரைத்து, டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து இறக்குங்கள். அதில் பால் பவுடர் இரண்டு டேபிள்ஸ்பூன், நெய் இரண்டு டீஸ்பூன், சிட்டிகை உப்பு. மொத்தம் 375 கலோரி, 13 கிராம் புரதம். சாதாரணக் கஞ்சியில் இதில் பாதிகூட வராது.

பிரச்சினை என்னவென்றால், இது ஆற ஆறப் பசையாக இறுகும். இறுகினால் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றினால் அளவு கூடி, பாதி மிச்சமாகும். தண்ணீருக்குப் பதில் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூன் போடுங்கள். முளைவிட்ட தானியத்தில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை நீர்க்கச் செய்துவிடும், சத்து அப்படியே இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, கொதி அடங்கிச் சூடாக இருக்கும்போது மாவைக் கலந்து கிளறி, பத்து நிமிஷம் மூடி வையுங்கள். கரண்டியில் நின்ற கஞ்சி ஊற்றும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு கட்டாயமாக ஒரு கொதி விடுங்கள். முளைகட்டிய மாவில் கிருமி இருக்கும், கீமோ வாங்கிய உடம்புக்கு அது ஆகாது. பால் பவுடரையும் நெய்யையும் அதன் பின் சேருங்கள்.

இது பலிக்காமல் போவதற்குக் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. கொதிக்கிற கஞ்சியில் மாவைப் போட்டிருப்பீர்கள், நொதி செத்துவிடும். அல்லது கடையில் வாங்கிய மாவு நன்றாக வறுக்கப்பட்டிருக்கும், அதிலும் நொதி இருக்காது. வீட்டில் செய்வதானால் கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, வறுக்காமல் அரையுங்கள். புரையேறுகிறவருக்கு இந்த வித்தை வேண்டாம். அவருக்குக் கெட்டிப் பதம்தான் பாதுகாப்பு.

அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் இதே கஞ்சியில் ஒரு முட்டையை மறைத்துவிடலாம். முட்டையை நுரை வராமல் அடித்து, கொதிக்கிற கஞ்சியை ஒரு கையால் கிளறிக்கொண்டே நூலாக ஊற்றி, மேலும் இரண்டு நிமிஷம் கொதிக்கவிடுங்கள். கிளறாமல் ஊற்றினால் திரிதிரியாகித் தொண்டையில் மாட்டும். பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

இட்லிச் சட்டி கஸ்டர்ட்

புண் உச்சத்தில் இருக்கும்போது எதுவுமே இறங்காதவருக்கும் பெரும்பாலும் இறங்குவது இதுதான். வெதுவெதுப்பான பால் 200 மில்லி, முட்டை இரண்டு, சர்க்கரை நான்கு டீஸ்பூன். அடித்து வடிகட்டி, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, நீராவிச் சொட்டு விழாதபடி தட்டு போட்டு மூடி, இட்லிச் சட்டியில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிஷம். ஆட்டினால் நடுவில் லேசாக அதிர வேண்டும், அவ்வளவுதான். தீ கூடினால் ஓட்டை விழுந்து தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரே புரையேறக் காரணமாகும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் கொடுங்கள். ஆரஞ்சு பாக்கெட் பாலில் செய்தால் ஏறத்தாழ 400 கலோரி, 19 கிராம் புரதம். இரண்டு வேளைக்குப் பங்கிடலாம்.

பால் பாக்கெட்டையே மாற்றுவது மிகச் சுலபமான லாபம். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட்டுக்கும் 3 சதவீத நீல பாக்கெட்டுக்கும் ஒரு டம்ளருக்கு 60 கலோரி போல வித்தியாசம். வேலை ஒன்றும் இல்லை.

முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பனீர் 50 கிராமை 100 மில்லி பாலோடு மையாக அரைத்து உப்போ சர்க்கரையோ சேர்க்கலாம். உளுந்தங்கஞ்சியில் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றலாம். உளுந்தங்களி வேண்டாம், சத்தானதுதான், ஆனால் எச்சில் இல்லாத வாயில் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பட்டர் ஃப்ரூட் கிடைக்கிற ஊரில் இருந்தால் விடாதீர்கள்: 100 கிராமில் 160 கலோரி, புளிப்பே கிடையாது, கரண்டியால் மசித்தாலே வெண்ணெயாகும். வாழைப்பழத்தில் பூவன் எரியலாம், ரஸ்தாளி பரவாயில்லை. பப்பாளி, சப்போட்டா மசித்து வடிகட்டினால் ஒத்துக்கொள்ளும். ஆரஞ்சு, அன்னாசி, மாதுளைச் சாறெல்லாம் புண் ஆறின பிறகு.

டப்பா மாவுகளை வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். 100 கிராமுக்கு ஏழெட்டு கிராம் புரதம் என்று இருந்தால், விலை எதுவானாலும் அது இனிப்பு மாவுதான். கொழுப்பு நீக்கிய சாதாரணப் பால் பவுடரில் 35 கிராம் இருக்கிறது.

எரிச்சலுக்கு

காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன். பேக்கிங் பவுடர் இல்லை, இரண்டும் வேறு. சாப்பிடும் முன்னும் பின்னும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். நூல் நூலாக இழுக்கிற கெட்டிக் கோழையும் இதில் இளகும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம்.

வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை முதல் முக்கால் மணி நேரம் முன்னதாகக் கொடுத்தால் அது வேலை செய்யும் நேரத்தில் கரண்டி வாய்க்குப் போகும். சாப்பிட்ட பிறகு கொடுப்பதால் அந்த வேளைக்குப் பயனில்லை. மரத்துப்போகும் ஜெல்லை டாக்டர் எழுதியிருந்தால், அது தடவிய வாய்க்குச் சூடு தெரியாது, நாக்கைக் கடித்தாலும் தெரியாது, விழுங்குவதும் தடுமாறும்; ஆறிய உணவை மெதுவாகக் கொடுங்கள்.

மிளகாயை நிறுத்துகிறவர்கள் மிளகை நிறுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். புண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வாசனை இல்லாமல் சாப்பாடு இறங்காதே என்றால் ஒரு வழி இருக்கிறது: நெய்யில் கடுகு, உளுந்து, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அந்த நெய்யை மட்டும் வடிகட்டிச் சாப்பாட்டில் ஊற்றுங்கள். வாசம் வந்துவிடும், கடுகும் உளுந்தும் இலையும் வாய்க்குள் போகாது. காய்ந்த தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் பொருட்களில் தாளிப்புக் கடுகு முதல் வரிசை.

காய்ந்த வாய்க்கு

புண் ஆறிய பிறகும் நீடிப்பது இது. எச்சில் செய்ய வேண்டிய வேலையைக் குழம்பும் கொழுப்பும் செய்ய வேண்டும். இட்லியை உதிர்த்து, பருப்பு மட்டும் போட்ட நீர்த்த சாம்பாரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, நெய் விட்டு மசியுங்கள். இடியாப்பத்தைச் சின்னதாக வெட்டித் தேங்காய்ப்பாலில் ஊறவிடுங்கள், நீளமான இழை தொண்டையில் தொங்கும். மீனை வேகவைத்து முள் பார்த்து எடுத்து, அரைத்த தேங்காய்ப்பால் குழம்போடு பிசையுங்கள். சுறாப்புட்டு எல்லோருக்கும் நினைவுக்கு வரும், மென்மை என்று. ஆனால் உதிரியாக இருப்பதால் வாய் முழுக்கப் பரவி ஒன்றுசேராது. அரிசிப் புட்டும் உதிரி உதிரியான சாதமும் அப்படியே. கோழியை அரைத்தாலும் நார் நிற்கும். அதன் வேகவைத்த தண்ணீரோடு, கூட ஒரு ஸ்பூன் நெய்யோ தயிரோ விட்டு மிக்சியில் ஓட்டினால்தான் வழவழப்பாகும்.

சாதத்தை மிக்சியில் அதிக நேரம் ஓட்டாதீர்கள், கோந்தாகிவிடும். தயிரைச் சேர்த்து விட்டுவிட்டு ஓட்டினால் போதும். உருளைக்கிழங்குக்கும் இதே எச்சரிக்கை. அதை மத்தால் மசிப்பதே நல்லது.

எச்சில் குறைந்த பற்கள் சீக்கிரம் சொத்தையாகும். இனிப்பான பானத்தை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கக் கூடாது. குடித்து முடித்துக் கொப்பளிக்க வேண்டும். ஃப்ளோரைடு பற்றிப் பல் டாக்டரிடம் கேளுங்கள். கதிர்வீச்சு வாங்கிய தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு என்பதால், பல் டாக்டரிடம் இந்தச் சிகிச்சையைச் சொல்லாமல் உட்காரக் கூடாது.

ருசி இல்லாத நாட்கள்

எதைக் கொடுத்தாலும் சக்கை, மண், இரும்பு என்பார்கள். எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக்கோ மரமோ கொடுத்துப் பாருங்கள். கறி கசந்தால் முட்டை, பனீர், பருப்புக்கு மாறுங்கள். இனிப்பு குமட்டினால் அதே கஸ்டர்டை உப்பும் சீரகப்பொடியும் போட்டுச் செய்யலாம். ரொம்பப் பிடித்த உணவை இந்த மோசமான வாரங்களில் கொடுக்காமல் ஒதுக்கி வைப்பது நல்லது. இப்போது குமட்டினால் பின்னாலும் அதன்மேல் வெறுப்பு தங்கிவிடலாம். ‘பசித்தால் கேட்பார்’ என்று காத்திருக்காதீர்கள். பசி வராது. கடிகாரம் பார்த்து இரண்டரை மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுங்கள்.

சர்க்கரை கொடுத்தால் கட்டி வளரும் என்பார்கள். சர்க்கரையை நிறுத்தினால் உடம்பு தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். கட்டி பட்டினி கிடக்காது, ஆள்தான் இளைப்பார். நீரிழிவு உள்ளவருக்கு மட்டும் இனிப்பைக் குறைத்து, உணவைக் குறைக்காமல், மருந்தின் அளவை டாக்டரிடம் சரிசெய்துகொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவையும் கேட்க வேண்டும்.

டியூப் இருந்தால்

மூக்கு வழி ரைல்ஸ் டியூப்போ வயிற்று டியூப்போ, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம். படுக்கவைத்துக் கொடுக்கவே கூடாது. உட்கார வைத்துக் கொடுத்து, முடிந்தும் முக்கால் மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மூக்கருகே டியூப்பில் உள்ள குறி நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, உயரப் பிடித்துத் தானாக இறங்கவிடுங்கள். அழுத்தித் தள்ளினால் வயிறு உப்பி வாந்தி வரும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். இதை விட்டுவிட்டால் பால் திரிந்து டியூப் அடைக்கும். கஞ்சி ஊற்றுகிறவர்கள் மேலே சொன்ன முளைகட்டிய மாவைப் போட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் அடைப்பு குறையும். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்துத் தனித்தனியாகக் கொடுங்கள். எதைப் பொடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டியூப் இருப்பதால் விழுங்குவதையே நிறுத்திவிட்டால் விழுங்கும் தசை சோம்பிவிடும். பேச்சு சிகிச்சையாளர் அனுமதித்த பதத்தில் தினம் சில கரண்டியாவது வாய்வழி போக வேண்டும்.

பத்து நாளாகக் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாதவருக்கு டியூப் போட்ட அன்றே முழு அளவு ஏற்றக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சடாரென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். அதை ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையோடு படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள்.

கெட்டி உணவுக்குத் திரும்புதல்

நடுவில் இருக்கும் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். பற்களுக்கு இடையே 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தாடை இறுகத் தொடங்கிவிட்டது; சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடக் கூடாது, விட்டால் திரும்புவது கடினம். வாய் நன்றாகத் திறக்கும்வரை தட்டையான சின்னக் கரண்டி உதவும்.

புதிய பதத்தைக் காலையில், வலி குறைவான நேரத்தில், இரண்டு டீஸ்பூன் அளவில் சோதியுங்கள். ஒரு நாளைக்குப் புதிதாக ஒன்றுதான். கஸ்டர்டும் வடிகட்டிய கஞ்சியும் சுலபமான பிறகு, வடிகட்டாத கஞ்சி. பிறகு தயிரில் குழைத்த சாதம், நெய்யும் பருப்பும் பிசைந்த சாதம், ஊறிய இட்லி, மீன், ஓரம் வெட்டிய மெத்து தோசை. சப்பாத்தி, ஆட்டுக்கறி, பரோட்டா எல்லாம் கடைசி. காரத்தையும் இப்படித்தான்: முதலில் சீரகம், அப்புறம் கொஞ்சம் மிளகு, புளிப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் மிளகாய்த்தூள். ஆறு மாதம் கழித்தும் ஊறுகாய் எரிகிறது என்றால் அது அசாதாரணம் இல்லை.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே மெஷினில், காலையில் பாருங்கள். 60 கிலோ ஆள் ஒரு மாதத்தில் மூன்று கிலோ இறங்கினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே இறங்காமல் சிறுநீர் கறுத்துக் குறைந்தால், காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், சாப்பிட்டதும் மூச்சு வாங்கினால் அன்றே போக வேண்டும். வாயிலோ கழுத்திலோ ரத்தம் கொட்டினால் உடனே. சாப்பாடெல்லாம் சரியாகி, மாதங்கள் கழித்து, காரணமில்லாமல் அசதியும் குளிரும் மலச்சிக்கலுமாக இருந்தால் சமையலை மாற்றிப் பயனில்லை. கழுத்துக் கதிர்வீச்சு தைராய்டைக் குறைத்திருக்கலாம், டிஎஸ்எச் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.